கடைக்குப் பல பூட்டு. கணனிக்குத் திறந்த கதவு

எமது வியாபாரிகள் பூட்டு வாங்குவதில் சிக்கனம் பார்ப்பதில்லை. வெளியே இரும்பு ஷட்டர், அதற்கு இரு பக்கமும் பூட்டு, உள்ளே மடிப்புக் கேட், காசுப் பெட்டிக்குத் தனிப் பூட்டு, வாசலில் கெமரா, பெரிய கடையென்றால் இரவுக் காவலாளி. இத்தனையும் இருந்தும், அதே கடைக்குள் இருக்கும் கணனியின் கதவுகள் பல இடங்களில் இரவு பகலாகத் திறந்தே கிடக்கின்றன. அவற்றைத் திறந்து வைத்தவர் திருடனல்லர். நாமே பணம் கொடுத்து அழைத்த சொப்ட்வெயார்காரர்தான்.

நடப்பது இதுதான். பில் போடும் மென்பொருளைப் பொருத்த வருபவர், கவுன்டர் கணனியிலிருந்து கணக்குக் கணனியுடன் தொடர்பு ஏற்படுத்த முயல்கிறார். தொடர்பு கிடைப்பதில்லை. காரணத்தைத் தேடிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. இன்னொரு கடையில் வேலை காத்திருக்கிறது. கணக்குக் கணனியின் பயர்வோலை அப்படியே நிறுத்திவிடுகிறார். மென்பொருள் ஓடத் தொடங்குகிறது. முதலாளிக்கும் திருப்தி, அவருக்கும் திருப்தி. பயர்வோலை மீண்டும் இயக்கிவிட வேண்டும் என்ற நினைவு மட்டும் அதன்பிறகு எவருக்கும் வருவதில்லை.

இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். அதை ஒழிக்கக்கூடியவர் தொழில்நுட்பவியலாளர் அல்லர், அவருக்குப் பணம் செலுத்தும் வியாபாரிதான் என்பதே எமது கருத்தாகும்.

தீச்சுவர் என்ற பெயர் ஏன்?

பயர்வோல் என்பதைத் தமிழில் தீச்சுவர் என்கிறோம். கணனிக்கு முன்பே கட்டடத் தொழிலில் இருந்த சொல் இது. வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட கடைகளில் ஒன்றில் தீப்பற்றினால் அடுத்த கடைக்குப் பரவாமல் தடுக்க இடையில் எழுப்பப்படும் தடித்த சுவருக்கே அந்தப் பெயர். பஜாரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. இந்தச் சுவர் திருடனை வாசலில் மறிப்பதற்காக மட்டும் எழுப்பப்படுவதல்ல. ஒரு கடையில் பிடித்த தீ, ஒரு கடையோடு நிற்க வேண்டும் என்பதற்காகவும் எழுப்பப்படுவது.

கணனி உலகில் இச்சுவர் இரண்டு இடங்களில் அமைகிறது. ஒன்று, இணைய இணைப்பு வந்து சேரும் ரவுட்டரில் உள்ளது. இது முழுக் கட்டடத்தின் வெளிவாசல். மற்றது, ஒவ்வொரு கணனிக்குள்ளும் தனித்தனியே இருப்பது. இது ஒவ்வொரு அறையின் கதவு. "ரவுட்டர் இருக்கிறதுதானே, அது போதும்" என்று சொல்பவர்கள் வெளிவாசலை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். பென் டிரைவிலோ, மின்னஞ்சலிலோ, வை-பையில் இணைந்த யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியிலோ தீ உள்ளே வந்துவிட்டால் வெளிவாசலால் பயனில்லை. அப்போது காப்பாற்றக்கூடியது அறைக் கதவுதான்.

இந்த அறைக் கதவுக்கு நாம் தனியாக ஒரு சதமும் செலுத்த வேண்டியதில்லை. விண்டோஸ் எக்ஸ்.பி. 2001 இல் வெளிவந்தபோதே ஒரு பயர்வோல் அதில் இருந்தது. ஆனால் அது இயக்கப்படாத நிலையிலேயே வந்தது. 2003 ஓகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு உலகெங்கும் விண்டோஸ் கணனிகளைத் தாக்கியது. அடுத்த ஆண்டு, 2004 ஓகஸ்டில், சேர்விஸ் பெக் 2 உடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் பயர்வோலை இயங்கும் நிலையில் வெளியிட்டது. அன்று முதல் வந்த ஒவ்வொரு விண்டோஸிலும் அது இயங்கிக்கொண்டே வருகிறது. நாமாக நிறுத்தினால் மட்டுமே அது நிற்கும்.

"எங்கள் கடையை யார் தேடி வரப் போகிறார்கள்?"

சிறு வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் இணையத்தில் வரும் புழு எவரையும் தேடி வருவதில்லை. வரிசையாக எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்க்கிறது. எது திறக்கிறதோ அதற்குள் நுழைகிறது.

2003 ஜனவரி 25 ஆம் திகதி பரவிய ஸ்லாமர் புழுவை எடுத்துக்கொள்வோம். அது தாக்கியது மைக்ரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளை. இன்றும் எத்தனையோ பில் மென்பொருள்களுக்குப் பின்னால் இயங்குவது இந்த எஸ்.கியூ.எல். சேர்வரே. 1434 என்ற ஒரே ஒரு கதவு இலக்கத்தின் ஊடாக நுழைந்த அப்புழு, ஆரம்பத்தில் 8.5 செக்கனுக்கு ஒருமுறை இரண்டு மடங்காகியது. பலவீனமாக இருந்த கணனிகளில் பெரும்பாலானவை 10 நிமிடத்துக்குள் பாதிக்கப்பட்டுவிட்டன. குறைந்தது 75,000 கணனிகள். இவற்றில் சிறியது எது பெரியது எது என்று அந்தப் புழு கேட்டதில்லை. அந்தக் குறைபாட்டுக்கான திருத்தம் ஆறு மாதத்துக்கு முன்பே வெளியாகியிருந்தது.

2017 மே 12 இல் வந்த வொனாகிரை இதே கதையின் பெரிய பிரதி. கோப்புப் பகிர்வுக்குப் பயன்படும் 445 ஆம் இலக்கக் கதவால் நுழைந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணனிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிப்புக்குள்ளாகின. அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு முக்கிய விடயம் உண்டு. திருத்தங்களைப் பொருத்தியிருந்தாலும் பொருத்தாவிட்டாலும், இணையத்தை நோக்கிய பயர்வோல்களைச் சரியாகப் பராமரித்திருந்தால் தொற்றிலிருந்து தப்பியிருக்கலாம் என்பதே அது. திருத்தம் தவறினாலும் கதவு மூடியிருந்தால் தப்பலாம்.

கணக்கு மென்பொருளால் வந்த வினை

"நான் நம்பிக்கையான மென்பொருளைத்தான் பாவிக்கிறேன்" என்பது அடுத்த சமாதானம். 2017 ஜூன் 27 இல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு நடந்ததை இறக்குமதி வியாபாரிகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உக்ரைனில் வரிக் கணக்குகளுக்குப் பரவலாகப் பயன்பட்ட எம்.ஈ.டொக் என்ற மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நொட்பெட்யா என்ற நாசகார நிரல் பரப்பப்பட்டது. அந்த மென்பொருள் சட்டபூர்வமானது, நம்பகமானது, பணம் கொடுத்து வாங்கப்பட்டது. ஆனால் அதைத் தயாரித்தவர்களின் சேர்வரையே தாக்குதல்காரர்கள் கைப்பற்றிவிட்டார்கள்.

உள்ளே வந்த நிரல் அந்தக் கணனியோடு நிற்கவில்லை. வொனாகிரை பயன்படுத்திய அதே குறைபாட்டையும், கணனியின் நினைவகத்திலிருந்து திருடிய கடவுச்சொற்களையும் கொண்டு பக்கத்துக் கணனிகளுக்குத் தாவியது. திருத்தம் பொருத்தப்பட்ட கணனிகளும் இரண்டாவது வழியால் வீழ்ந்தன. மேர்ஸ்க் நிறுவனத் தலைவர் 2018 ஜனவரியில் டாவோஸில் கூறியபடி, 4,000 சேர்வர்களையும் 45,000 கணனிகளையும் 10 நாட்களில் மீண்டும் புதிதாக அமைக்க வேண்டியேற்பட்டது. நட்டம் 250 முதல் 300 மில்லியன் டொலர் வரை என நிறுவனமே மதிப்பிட்டது.

இந்தத் தாவலுக்கு ஒரு கணனி மற்றக் கணனியின் 445, 135 போன்ற கதவுகளைத் தட்டித் திறக்க வேண்டியிருந்தது. சாதாரண மேசைக் கணனி ஒன்று பக்கத்து மேசைக் கணனிக்குக் கதவு திறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மூடியிருந்த கதவில் அந்தத் தீ நின்றிருக்கும். சுவரின் பெயர்க் காரணம் இங்கேதான் விளங்குகிறது.

எமக்கு மிக அருகில் நடந்ததும் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரைத் திருட முயற்சி நடந்தது. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. 20 மில்லியன் டொலர் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பெறுநரின் பெயரிலிருந்த 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்துப் பிழை இருந்தபடியால் சந்தேகம் எழுந்து அந்தப் பணம் மட்டும் தப்பியது. விசாரணை நடத்திய பங்களாதேஷ் பொலிஸ் அதிகாரிகள் ஏப்ரல் மாதத்தில் ரோய்ட்டர்ஸ் செய்திச் சேவையிடம் கூறியது எம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். சர்வதேசப் பணப் பரிமாற்றக் கணனிகளுக்குப் பயர்வோல் இருக்கவில்லை. 10 டொலர் பெறுமதியான பழைய சுவிட்ச்சுகளால் அவை இணைக்கப்பட்டிருந்தன என்பதே அவர்கள் கூற்று. ஒரு நாட்டின் மத்திய வங்கியிலேயே நிலைமை இதுவென்றால் எமது கடைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

ஒரு கடையின் கதவுக் கணக்கு

இனி விடயத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு நடுத்தர ஹார்ட்வெயார் கடையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கவுன்டர் கணனிகள், கையிருப்பும் கடன் விபரமும் அடங்கிய ஒரு கணக்குக் கணனி, முதலாளியின் அறையில் ஒன்று, ஆக நான்கு கணனிகள். ஒரு பிரின்டர், ஒரு கெமரா ரெக்கோடர், ஒரு வை-பை.

இந்த நான்கில் வெளியிலிருந்து வரும் அழைப்புக்குக் கதவு திறக்க வேண்டியவை எத்தனை? ஒன்றே ஒன்று. கணக்குக் கணனி மட்டும்தான். கவுன்டர் கணனிகளும் முதலாளியின் கணனியும் அதனிடம் போய்க் கேட்கின்றன. எவரும் அவற்றிடம் வந்து கேட்பதில்லை. ஆகவே அந்த மூன்றிலும் உள்வரும் கதவுகள் யாவும் மூடியிருக்கலாம். பில் போடுவதற்கோ, இணையம் பார்ப்பதற்கோ, நெட்வேர்க் பிரின்டரில் அச்சிடுவதற்கோ அதனால் எந்தத் தடையும் வராது. விண்டோஸ் பயர்வோலின் இயல்பான விதியும் இதுவே: வெளியே போவதற்கு அனுமதி, அனுமதியின்றி உள்ளே வருவதற்குத் தடை. கவுன்டர் கணனியில் வயரால் இணைத்த பிரின்டரை மற்றவர்களுக்குப் பகிர்ந்திருந்தால் மட்டும் அதில் ஒரு விதிவிலக்குத் தேவைப்படும். அதைவிட நெட்வேர்க்கில் நேரடியாக இணையும் பிரின்டரே நல்லது.

கணக்குக் கணனியில் தரவுத்தளத்துக்கான கதவை மட்டும் திறக்க வேண்டும். அதையும் ஊருக்கெல்லாம் திறக்கத் தேவையில்லை. இந்த விதியில் தொலைமுகவரி என்றொரு பகுதி உண்டு. இரண்டு கவுன்டர்களினதும் முதலாளியின் கணனியினதும் முகவரிகளை அதில் எழுதிவிட்டால் அந்த மூன்றுக்கு மட்டுமே கதவு திறக்கும். வை-பையில் இணையும் வாடிக்கையாளரின் போனுக்குத் திறக்காது. இதற்கு அந்த மூன்று கணனிகளுக்கும் மாறாத ஐ.பி. முகவரியை ரவுட்டரில் ஒதுக்க வேண்டும். தெரிந்தவருக்குச் சில நிமிட வேலைதான்.

அப்படியானால் சொப்ட்வெயார்காரர்கள் ஏன் திணறுகிறார்கள்? இரண்டு காரணங்களை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, இலவசமாகக் கிடைக்கும் எஸ்.கியூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸ் பதிப்பு பொதுவாக நிலையான கதவு இலக்கத்தில் நிற்பதில்லை. 1433 ஐத் திறந்துவிட்டு, தொடர்பு இல்லையே என்று கைவிரிப்பார்கள். உண்மையில் அது வேறோர் இலக்கத்தில் காத்திருக்கும். அதற்கு நிலையான ஓர் இலக்கத்தைக் கொடுத்து, நெட்வேர்க் தொடர்பையும் இயக்கிவிட்டால் பிரச்சினை தீரும்.

இரண்டாவது, விண்டோஸ் ஒவ்வொரு நெட்வேர்க்கையும் 'பிரைவேட்', 'பப்ளிக்' என்று வகை பிரிக்கிறது. விதிகள் பெரும்பாலும் பிரைவேட் வகைக்கே எழுதப்பட்டிருக்கும். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிய நெட்வேர்க்காகக் கருதிப் பப்ளிக் வகையில் சேர்த்துவிடலாம். நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்று காலை நின்றுவிடும். வகையை மாற்றினால் தீரும் இந்தச் சின்ன விடயத்துக்காகத்தான் எத்தனையோ கடைகளில் பயர்வோல் முழுதாக நிறுத்தப்படுகிறது.

வீட்டிலிருந்து கடைக் கணக்கைப் பார்க்க விரும்பும் முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 ஆம் இலக்கக் கதவை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்து வைப்பது, ஷட்டரைத் திறந்துவிட்டுக் காசுப் பெட்டியின் பூட்டை மட்டும் நம்புவதற்குச் சமம். கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் இணையத்தில் ஓய்வதில்லை. வி.பி.என். வழியாக உள்ளே வந்து, அதன்பிறகு ரிமோட் டெஸ்க்டொப்பைப் பயன்படுத்துவதே முறை. ரவுட்டரில் யூ.பி.என்.பி. என்ற வசதியையும் நிறுத்திவிடுங்கள். உள்ளே இருக்கும் கருவிகள் எம்மைக் கேட்காமலே கதவு திறந்துகொள்ள அது வழி விடுகிறது.

கெமரா ரெக்கோடருக்கு நாம் அமைக்கக்கூடிய பயர்வோல் பெரும்பாலும் இருப்பதில்லை. 2016 இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கெமராக்களையும் ரெக்கோடர்களையும் பெருமளவில் கைப்பற்றி, ஒக்டோபர் 21 இல் அமெரிக்காவின் பிரபல இணையத்தளங்கள் பலவற்றை முடக்கியது. ஆகவே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கெமராவையும் வாடிக்கையாளர் வை-பையையும் கணக்குக் கணனி இருக்கும் நெட்வேர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள். கெஸ்ட் நெட்வேர்க் வசதி இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் உண்டு.

இழுத்துப் பார்க்காத பூட்டு

கடையைப் பூட்டியவர் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டே வீடு செல்வார். பயர்வோலையும் இழுத்துப் பார்க்க வேண்டும். திரையில் பச்சை அடையாளம் தெரிகிறது என்பது சாட்சியாகாது; பழைய அனுமதி விதிகள் நிறைய இருந்தாலும் அந்தப் பச்சை மாறாது.

இதற்குப் பயன்படும் பிரபலமான கருவி என்மெப். 1997 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கணனியின் கதவுகளைத் தட்டிப் பார்த்து மூன்றில் ஒரு பதிலை அது பெரும்பாலும் தரும். 'திறந்தது' என்றால் உள்ளே ஒரு சேவை காத்திருக்கிறது. 'மூடியது' என்றால் கணனி பதில் தருகிறது, ஆனால் அந்தக் கதவில் எவருமில்லை. 'வடிகட்டப்பட்டது' என்றால் பதிலே இல்லை. இடையில் பயர்வோல் நிற்கிறது. மேற்சொன்ன கடையில் கவுன்டர் ஒன்றிலிருந்து கவுன்டர் இரண்டைத் தட்டினால் எல்லாமே மூன்றாவது வகையாக வர வேண்டும். கணக்குக் கணனியைத் தட்டினால் ஒரு கதவு மட்டும் திறந்திருக்க வேண்டும். அதே கணக்குக் கணனியை வாடிக்கையாளர் வை-பையிலிருந்து தட்டினால் எதுவுமே தெரியக்கூடாது. சோதனையை வேறொரு கணனியிலிருந்துதான் செய்ய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு கணனி தன்னைத் தானே தட்டிப் பார்ப்பது, உள்ளே நின்றுகொண்டு ஷட்டரைச் சோதிப்பது போன்றதாகும்.

சோதிக்க வருபவரிடமும் சில நிபந்தனைகள் விதிக்கப்பட வேண்டும். "சோதனைக்காகப் பயர்வோலை நிறுத்துங்கள்" என்று கேட்பாரானால் மறுத்துவிடுங்கள். அவருடைய கணனியின் முகவரிக்கு மட்டும், சோதனை நடக்கும் நேரத்துக்கு மட்டும், ஒரு விதி எழுதலாம். முடிந்ததும் அதை அழித்துவிடலாம். அவருடைய மடிக்கணனியின் பயர்வோலும் இயங்க வேண்டும். பல கடைகளின் நெட்வேர்க்குகளில் மாறி மாறி இணையும் கணனி அது. ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொடும் வைத்தியரை நாம் ஏற்பதில்லை. சோதனைக்காக அவர் தன் கணனியில் ஒரு கதவைத் திறக்க நேர்ந்தால் அது சோதிக்கப்படும் கணனிக்கு மட்டுமே திறந்திருக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். நோன்புப் பெருநாள் வியாபாரம் சூடுபிடித்திருக்கும் வேளையில் இந்த வேலை வேண்டாம். பழைய கருவிகள் தட்டிப் பார்க்கும்போது உறைந்துபோவதுண்டு. சில பிரின்டர்கள் 9100 ஆம் இலக்கக் கதவுக்கு எது வந்தாலும் தாளில் அடித்துத் தள்ளும். கடை மூடிய பிறகு, கணக்கின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டுச் செய்வதே புத்தி.

சட்டத்தையும் மனதில் கொள்ள வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணனிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றிப் பிறருடைய கணனிக்குள் நுழைவது இலங்கையில் குற்றமாகும். 'சோதித்துப் பார்த்தேன்' என்பதைத் தற்காப்பாக நம்பியிருக்க முடியாது. ஆகவே எந்தக் கணனிகள், எந்தத் திகதி, எந்த நேரம் என்று குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி கொடுங்கள். பக்கத்துக் கடையின் நெட்வேர்க்கைத் தொடவே கூடாது.

இன்னுமொன்று. பயர்வோல் தடுத்தவற்றைப் பதிவுசெய்யும் வசதி விண்டோஸில் உண்டு. ஆனால் இயல்பாக அது இயக்கப்பட்டிருப்பதில்லை. அதை இயக்கி, வாரம் ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும். கவுன்டர் இரண்டு, கவுன்டர் ஒன்றின் 445 ஆம் கதவை இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பதிவு காட்டினால், கவுன்டர் இரண்டில் ஏதோ புகுந்திருக்கலாம் என்பதற்கான முதல் எச்சரிக்கை அதுவே. சுவர் மட்டுமல்ல, புகை எச்சரிக்கை மணியும் எமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

சுவரால் தடுக்க முடியாதவை

பயர்வோல் இருந்தால் எல்லாம் பத்திரம் என்று சொன்னால் அது வியாபாரப் பேச்சாகிவிடும். ஊழியர் தானே திறக்கும் போலி மின்னஞ்சலை அது தடுக்காது. பங்களாதேஷ் வங்கிக்குள் தாக்குதல்காரர்கள் நுழைய முயன்றது வேலை விண்ணப்பம் போன்ற மின்னஞ்சல்கள் மூலமே என்று அமெரிக்க நீதித் திணைக்களம் கூறியிருக்கிறது. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலை உதவி மென்பொருள்கள் உள்ளிருந்து வெளியே அழைப்பு எடுப்பவை. ஆகவே பயர்வோல் இயல்பாக அவற்றைத் தடுக்காது. திருத்த வந்தவர் நிரந்தரக் கடவுச்சொல்லோடு அதை விட்டுச் சென்றிருந்தால், கடையின் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது என்றே அர்த்தம். இன்றைக்கே சோதித்துப் பாருங்கள்.

காலாவதியான விண்டோஸும் ஓர் ஓட்டையே. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. இன்னும் விண்டோஸ் 7 இல் பில் போடும் கடைகள் இருந்தால் அவற்றுக்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. கணக்கின் பிரதியைக் கணனியோடு இணையாத வேறோர் இடத்தில் வைப்பதும் அவசியம். 2023 ஓகஸ்டில் எமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைக் கப்ப நிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பிரதி இல்லாமையால் இழக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு அது மூன்று மாதக் கடிதங்கள். எமக்கு அது மூன்று மாதக் கடன் கொப்பி.

வியாபாரி கேட்க வேண்டியது

"இதெல்லாம் எமக்கு விளங்காது, அதற்காகத்தானே ஆள் வைத்திருக்கிறோம்" என்று சிலர் கூறலாம். கடை கட்டும்போது நமக்குக் கொத்து வேலை தெரியாது. ஆனாலும் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேசனுக்குக் கூலி கொடுக்கிறோம். அதே போதும்.

மென்பொருள் வாங்கும்போது மூன்று விடயங்களைக் கேளுங்கள். முதலாவது, இந்த மென்பொருளுக்குத் திறக்க வேண்டிய கதவுகள் எவை, எந்தக் கணனியில், யாருக்காக என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர முடியாதவருக்குத் தன் மென்பொருளைப் பற்றியே தெரியவில்லை என்று பொருள். இரண்டாவது, எல்லாக் கணனிகளிலும் பயர்வோல் இயங்கும் நிலையில் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, அதைக் கண்ணால் கண்ட பிறகே இறுதித் தவணையைக் கொடுங்கள். கையில் காசு இருக்கும்வரைதான் எமது சொல்லுக்கு மதிப்பு என்பது எந்த வியாபாரிக்கும் தெரிந்த உண்மை.

ஒவ்வொரு ஊரிலும் வர்த்தகர் சங்கங்கள் இருக்கின்றன. மின்சாரக் கட்டணத்துக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் கூடிப் பேசுகிறார்கள். அதே சங்கங்கள் இந்த மூன்று நிபந்தனைகளையும் பொது நிபந்தனையாக்கினால், தனியொரு கடைக்காரரை ஏமாற்றுவது போல் ஊரையே எவரும் ஏமாற்ற முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை தகுதியான ஒருவரை அமர்த்தி, விரும்பும் கடைகளையெல்லாம் அவரவர் எழுத்து மூல அனுமதியுடன் சோதித்துக்கொண்டால் செலவையும் பகிர்ந்துகொள்ளலாம்.

எமது கணக்குக் கணனியில் இருப்பது எமது இலாப நட்டம் மட்டுமல்ல. வாடிக்கையாளரின் கடன் பாக்கி, தொலைபேசி இலக்கம், விநியோகஸ்தருக்குக் கொடுத்த பின்திகதியிட்ட காசோலைகளின் விபரம் எல்லாம் அதில்தான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வகைத் தகவல்களைப் பாதுகாக்கும் கடமையை அவற்றை வைத்திருப்பவர் மீது சுமத்துகிறது. அதன் சில பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி பின்தள்ளப்பட்டதுண்டு. ஆனால் போகும் திசை தெளிவானது. சட்டம் வருவதற்கு முன்பும் அது அமானிதமாகவே எம்மிடம் இருந்தது.

ஆகவே இன்று கடையில் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கணனியிலும் விண்டோஸ் செக்கியூரிட்டி பகுதியைத் திறந்து, பயர்வோல் இயங்குகிறதா என்று பாருங்கள். நிறுத்தப்பட்டிருந்தால் அதை நிறுத்தியவரை அழைத்து, ஏன் என்று கேளுங்கள். பில் மென்பொருள் ஓடும் நிலையிலேயே அதை இயக்கித் தருவது அவருடைய பொறுப்பு. அந்த வேலைக்குத்தான் நாம் ஏற்கனவே பணம் கொடுத்திருக்கிறோம்.